பைரிக்கு அஞ்சிப் புறாவை அடைத்து வைக்கலாமா?

கேள்வி: தொண்டியில் மொட்டை மாடியில், தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் வகைப் புறாக்கள் இருபது வளர்க்கிறேன். தை மாதப் பந்தயத்துக்காக நாள்தோறும் விடியற்காலையில் கடற்கரையிலிருந்து பறக்கவிட்டுப் பழக்குகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து நான்கு புறாக்களைப் பைரி என்ற வேட்டைப் பறவை அடித்துவிட்டது. நஞ்சு தடவிய புறாவை மாடியில் கட்டிவைக்கச் சொல்கிறார் நண்பர். பறக்கவிடுவதையே நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: நண்பர் சொன்ன வழியை முதலில் கைவிடுங்கள். பைரி, வல்லூறு என்ற இரு வேட்டைப் பறவைகளுமே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு புறாவை அப்படிச் சாகக் கொடுக்கப் புறா வளர்ப்பவருக்கு மனம் வரக்கூடாது. வைத்த நஞ்சு செம்பருந்து, காகம், பூனை என்று எதையெல்லாம் போய்ச் சேரும் என்பதும் நம் கையில் இல்லை.

அடித்தது பைரிதானா என்றும் பாருங்கள். வேம்பிலோ சீமைக்கருவேலிலோ மறைந்திருந்து, தாழப் பறந்து வந்து, மாடியில் உட்கார்ந்திருக்கும் இளம்புறாவைத் தூக்குவது வல்லூறு. அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பதால், மாடியில் புறாக்களைச் சும்மா உலவவிடாமல், பசியோடு பறக்கவிட்டு, இறங்கியதும் தீனிக்குக் கூண்டுக்குள் நுழையப் பழக்குவதே அதற்கு மருந்து. பைரியின் முறை வேறு. வடக்கே வெகு தொலைவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் அது, கரையோரச் சேற்றுவெளிகளில் உள்ளான் என்னும் கரைப்பறவைகள் இறங்கும் பருவத்தை ஒட்டி வந்து, பங்குனி, சித்திரை வாக்கில் பெரும்பாலும் திரும்பிவிடும். உயரத்திலிருந்து மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாயும் அந்தப் பறவையிடமிருந்து, மணிக்கு 70, 80 கி.மீ. பறக்கும் புறா வேகத்தால் தப்ப முடியாது. முதல் பாய்ச்சலில் சட்டென்று விலகினால்தான் உண்டு, அதற்குக் கூட்டமும் அனுபவமும் வேண்டும்.

ஆகவே பறக்கவிடுவதை நிறுத்தாதீர்கள். வேளையையும் திசையையும் மாற்றுங்கள். விடியலும் அந்தியும் பைரி சுறுசுறுப்பாக வேட்டையாடும் நேரங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் திறந்துவிட்டால், அது அங்கே வந்து காத்திருக்கப் பழகிவிடும். வெயில் ஏறிய பின், நேரத்தை மாற்றி மாற்றி, ஒன்றொன்றாக அல்லாமல் கூட்டமாகவே விடுங்கள். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத கடற்கரையைத் தவிர்த்து, மேற்கே 5 கி.மீ., 10 கி.மீ. என்று தொடங்கி, திருவாடானை, தேவகோட்டை என்று தொலைவைக் கூட்டுங்கள். வடக்கிலிருந்து பந்தயம் என்றால், கரையை ஒட்டிய மீமிசல், மணமேல்குடிப் பக்கம் கடைசிச் சில பயிற்சிகளுக்கு மட்டும் போனால் போதும். மழை மூட்டத்திலும், வாடை பலமாக வீசும் நாளிலும் கூடையைத் திறக்கவே வேண்டாம்.

இதைவிட முக்கியமானது குஞ்சு எடுக்கும் காலம். பலரும் இதில் கவனம் வைப்பதில்லை என்பது என் வருத்தம். இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கிய ஜோடிகளை மார்கழிக் கடைசியில் சேர்த்தால், ஏறத்தாழ பத்து நாளில் முட்டை, அடுத்த 17, 18 நாள்களில் குஞ்சு, பிறகு நான்கு வாரங்களில் தானாகத் தின்னும் பருவம் என்று, பங்குனிக்குள் இளம்புறாக்கள் தயாராகிவிடும். சித்திரை முதல் புரட்டாசி வரை பைரி பெரும்பாலும் இல்லாத வானத்தில் அவை வழியையும் கூட்டமாகப் பறப்பதையும் கற்றுக்கொள்ளும். உங்கள் புறாக்கள் பறக்கக் கற்கும்போதே பைரியைச் சந்திக்க நேர்ந்ததுதான் இத்தனை இழப்புக்குக் காரணம் என்று எண்ணுகிறேன்.

பைரியை மிரட்டப் புறாவின் இறகில் கண் வரைவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை நம்பிப் புறாவை அனுப்பாதீர்கள். பைரியிடம் தப்பி வந்த புறாவுக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள். தீனிப்பை கிழிந்து, குடித்த நீர் வெளியே வழிந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தையல் போடக் கொண்டுசெல்லுங்கள். இந்தத் தைப் பந்தயத்துக்கு, ஒரு வயது கடந்து, இறகு உதிர்வு முடிந்து, தேவகோட்டையிலிருந்து தடையின்றித் திரும்பும் புறாக்களை மட்டும் அனுப்புங்கள். இவ்வாண்டுக் குஞ்சுகளை அடுத்த தைக்கு வைத்திருங்கள்.