மூன்று கட்சிகள் அல்ல, ஒன்றுதான்

வணக்கம். அல்சூரில் சனிக்கிழமை பேச வேண்டும், பிரிட்டன் பசுமைக் கட்சியின் மாநாட்டு வரலாற்றைத் தேடினால் மூன்று பெயர்கள் வருகின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் ஒரே கட்சிதான். 1973-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 'பீப்பிள்' (மக்கள்) என்று தொடங்கியது. 1975-இல் 'ஈகாலஜி (சூழலியல்) கட்சி'. 1985-இல் 'பசுமைக் கட்சி'. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

சுவை இருப்பது தலைவர் விவகாரத்தில். தலைவர் என்று ஒருவர் இருப்பதே பிடிக்காத கட்சி அது. கட்சியின் சார்பில் பேசும் பேச்சாளர்கள்தான் இருந்தார்கள், கொள்கையை மாநாட்டுக்கு வந்த உறுப்பினர்களே வாக்களித்து முடிவுசெய்தார்கள். 1989 ஐரோப்பியத் தேர்தலில் ஏறக்குறைய 15 சதவீத வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வாக்கு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சார முறை அங்கே அப்போது இல்லை. அதன்பின் அமைப்பை மாற்றுவது பற்றி உள்ளுக்குள் பெரிய சண்டை. கடைசியில் 2007-இல்தான் தலைவர் பதவிக்கு உறுப்பினர்கள் சம்மதித்தார்கள். 2008-இல் கரோலின் லூகாஸ் முதல் தலைவரானார். தலைவர் முதலில், கட்சி பிறகு என்று பழகிய நம்மவர்கள் இந்த இடத்தில் நிச்சயம் சிரிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: 1990-இல் ஸ்காட்லாந்துக் கிளை தனிக் கட்சியாகிவிட்டது. அதற்குப் பிந்தைய மாநாடுகளைச் சொல்லும்போது 'இங்கிலாந்து, வேல்ஸ் பசுமைக் கட்சி' என்றே சொல்லுங்கள்.