அந்தப் படங்களைப் பார்த்தபின் ஏன் மனம் வாடுகிறது?

செந்தூலில் பன்னிரண்டு வருடமாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராம், டிக்டாக்கில் கட்டுடலைக் காட்டும் ஜிம் படங்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, உற்சாகத்துக்காகத்தான் பார்க்கிறேன். பார்த்து முடித்தால் அழுகை வருது. காலையில் பசியாறவும் மனசில்லை. எனக்குத்தான் மனஉறுதி இல்லையா? (கல்லூரி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

இல்லை தங்கச்சி. 2015-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் கல்லூரிப் பெண்கள் சிலருக்கு இத்தகைய படங்களையும், மற்றவர்களுக்குப் பயணப் படங்களையும் காட்டினார்கள். ஜிம் படம் பார்த்தவர்களுக்கு உற்சாகம் வந்தது உண்மை. ஆனால் அதே நேரத்தில் மனம் வாடியது, தன் உடம்பே பிடிக்காமலும் போனது. இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

படத்தில் தெரியும் அந்தத் தட்டை வயிறு, படத்தில் இருப்பவர்களுக்கே நாள் முழுக்க அப்படி இருப்பதில்லை. பயிற்சி முடிந்த கையோடு ரத்தம் ஏறித் தசை புடைத்திருக்கும். மேலிருந்து விழும் வெளிச்சம் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக்காட்டும். மூச்சைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி ஐம்பது எடுத்தால் ஒன்றைத்தான் போடுவார்கள். நானே பலருக்குப் படம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அரைமணி கழித்துத் தே தாரிக் குடிக்க உட்காரும்போது அவர்கள் வயிறும் நம் வயிறு மாதிரிதான் மடியும். பசியாறாமல் மட்டும் இருக்காதே.

என் மகனுக்கு 16 வயது. கை நல்லா திரண்டிருக்கு, ஆனா "ஒல்லியா இருக்கேன்"னு சட்டையைக் கழற்றவே மாட்டான். ஜிம் தவறிடும்னு கல்யாணத்துக்குக்கூட வரல. ஆம்பளப் பிள்ளைக்கும் இப்படி வருமா? (ஒரு தாய், ஜெலுத்தோங்)

வரும் அம்மா. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவர் குழுவினரும் 1993-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். தசை எவ்வளவு திரண்டிருந்தாலும் போதாது என்றே தோன்றும் இந்த மனநலப் பிரச்சினைக்கு இன்று மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். சிகரெட்டுக்கு இது தேவலை என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். திட்டாதீர்கள், கேலியும் வேண்டாம். என்ன பவுடர் குடிக்கிறான், ஊசி ஏதும் போடுகிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமை அழிச்சிடவா? (செராஸ்)

வேண்டியதில்லை. மனதை வாட்டும் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள். அதே மாதிரி வேறு வந்தால் 'விருப்பமில்லை' என்று அழுத்துங்கள்.

பிள்ளை பிறந்து நாலு மாசம். மற்றவங்க வயிறு உள்ளே போயிடுச்சு, எனக்குப் போகலை. தினமும் சிட்-அப் செய்றேன். (பாயான் லெப்பாஸ்)

சிட்-அப்பை இப்போதைக்கு நிறுத்தும்மா. கர்ப்பக் காலத்தில் நடுவயிற்றுத் தசை விலகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் விரலை வைத்தே பார்த்துச் சொல்லிவிடுவார். அதுவரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் நட, போதும்.