வாசகர் கேள்வி–பதில்: தக்கலையில் யூதப் பண்பாட்டு விழா

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சமூகத்தின் பண்பாட்டை அறிமுகப்படுத்தி ஒருநாள் விழா நடத்துகிறது. இவ்வாண்டு யூதர்களைப் பற்றி நடத்தத் தீர்மானித்துள்ளோம். வேதாகமக் காட்சிகளை நாடகமாகப் போடலாம் என்று சிலரும், நம் மாவட்டத்தில் யூதர்களே இல்லாதபோது எதைக் காட்டுவது என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
— வாசகர், தக்கலை

பதில்: நாடகம் வேண்டாம் என்பதே என் கருத்து. பஞ்சுத் தாடி ஒட்டிய மோசேயை நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். யூதர் என்றால் வேதாகமக் காலத்தோடு முடிந்துபோனவர்கள் என்ற எண்ணத்தையே அது மேலும் உறுதிப்படுத்தும்.

இரண்டாவது தரப்பினருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரின் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியின்) பகுதி. அதே திருவிதாங்கூரில் இருந்த கொல்லத்தில், கி.பி. 849-இல் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில் சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவை அளித்த செப்பேடு, வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் உள்ளது. அதன் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்து, வட்டெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசிக்கச் செய்யுங்கள். பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று உரிமைகள் வரிசையாக வரும்போது, பாதிச் சொற்களுக்குப் பொருள் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. (பாவாடை என்பது இங்கே உடையன்று, நடந்துவரும் பெரியோர்க்கு வழியில் விரிக்கும் துணி.)

அடுத்தது பாட்டு. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடிய பாடல்களைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதைப் பல நாடுகளின் யூதர்கள் தவிர்த்தபோதும், கேரளத்தில் அதற்குத் தடை இருக்கவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மக்களுக்கு மலையாளம் அயல்மொழி அன்று என்பதால், விழாவில் நன்றாக எடுபடக்கூடிய பகுதி இதுவே.

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயத்துக்கு (1568) உறுப்பினர்கள் ஒருமுறை போய்வந்தால் நல்லது; காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1948-க்குப் பின் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. இயன்றால் அவர்களில் ஒருவரிடம் நிகழ்ச்சி நிரலைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். இன்றைய மேற்காசிய அரசியலைப் பற்றிய கேள்விகள் கட்டாயம் எழும். அதற்குத் தனிக் கூட்டம் வைக்கலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நல்லது.

கேள்வி: எந்த நாளில் வைப்பது? உணவு என்ன கொடுப்பது?

பதில்: வெள்ளி மாலை சூரியன் மறைவது முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால், அப்போது யூத விருந்தினர் யாரும் பயணம் செய்து வர மாட்டார்கள். ஞாயிறு காலையில் நம் ஊரில் பாதிப் பேர் ஆலயத்தில் இருப்பார்கள். ஆகவே ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குங்கள். செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபரில் வரும் கூடாரப் பண்டிகையை ஒட்டி வைத்தால் ஓர் ஓலைக் கூடாரமும் அமைக்கலாம். அதன் கூரையில் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆனால் இரவில் விண்மீன் தெரிய வேண்டும். ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் நெருக்கி வேய்வதையே தொழில் மரியாதையாகக் கருதும் நம் பந்தல்காரரிடம், முடையாத பச்சை ஓலையை இடைவெளி விட்டுப் பரப்பினால் போதும் என்பதை முன்கூட்டியே பொறுமையாக விளக்கிவிடுங்கள். துலா மாத மழையை எண்ணி, பக்கத்தில் ஒரு மண்டபமும் கைவசம் இருக்கட்டும்.

உணவில் மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துடுப்பும் செதிலும் உள்ள மீனையே யூதர்கள் உண்பார்கள் என்பதால் சாளையும் நெய்மீனும் ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா, திருக்கை ஆகா. இறைச்சியைப் பாலோடு சேர்க்கக் கூடாது என்ற விதிக்குத் தேங்காய்ப்பால் உட்படாது. கொச்சி யூதர் சமையலில் தேங்காய் தாராளமாக இடம்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பலகையில் ‘கோஷர்’ (யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது) என்று எழுதாதீர்கள். தனிப் பாத்திரங்களும் மேற்பார்வையும் இன்றி அச்சொல்லைப் பயன்படுத்துவது தவறு.

கேள்வி: பஸ்கா விருந்தை நடத்திக் காட்டலாமா?

பதில்: கூடாது. அது ஒரு குடும்பத்தின் வழிபாடு. அதை மேடையில் நடித்துக் காட்டுவது பல யூதர்களைப் புண்படுத்தும். வேண்டுமானால் பஸ்காவில் உண்ணும் புளிப்பில்லாத அப்பம் சுடுவதை மட்டும் விளக்கிக் காட்டுங்கள். மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடங்களுக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு முடிக்க வேண்டும். தாண்டினால் புளிப்பேறியதாகக் கொள்வார்கள். அடுப்பருகே ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டி, நிமிடங்களை எண்ணும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.