அமெரிக்காவில் தம்பி எடுக்கும் கடையில் 60 லட்சம் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு செவன் இலெவன் (அன்றாடப் பொருட்கள் விற்கும் சங்கிலிக் கடை) கடை நடத்துகிறார். இரண்டாவது கடை எடுக்கப் போகிறாராம். 60 லட்சம் ரூபாய் அனுப்பினால் பாதிப் பங்கு, மாதம் ஒன்றரை லட்சம் வருமானம், பின்னால் விசாவுக்கும் வழி என்கிறார். போடலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: விசா பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். முதலீட்டாளருக்கான ஈ-2 விசா, அமெரிக்காவோடு ஒப்பந்தம் உள்ள நாட்டினருக்கு மட்டும்தான். இலங்கைக்கு அது உண்டு, இந்தியாவுக்கு இல்லை. கிரீன் கார்டு தரும் ஈபி-5 திட்டத்துக்குக் குறைந்தது 8 லட்சம் டாலர் வேண்டும்.

சரி, கடைக்கு வருவோம். செவன் இலெவனில் இடம், கட்டடம், ஃபிரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் கம்பெனியின் பொறுப்பு. கடை எடுப்பவருக்குக் கிடைப்பது அதை நடத்தும் உரிமையும் சரக்கும்தான். அந்த உரிமையையும் அமெரிக்கக் குடிமகனுக்கோ கிரீன் கார்டு உள்ளவருக்கோதான் தருகிறார்கள். ஒப்பந்தத்தில் தம்பி பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது.

லாபக் கணக்கும் நம் ஊர்க் கணக்கு அல்ல. பல பிரான்சைஸ்கள் (தன் பெயரில் கடை நடத்த உரிமை தரும் கம்பெனிகள்) விற்பனையில் சதவீதம் கேட்கும். இவர்கள் மொத்த லாபத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். 100 டாலருக்கு விற்ற சரக்கின் கொள்முதல் 66 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 34-ல் பாதி கம்பெனிக்குப் போனால், தம்பிக்கு 17 டாலர். ஆள் சம்பளம், களவு போன சரக்கு, விற்காமல் தூக்கிப்போட்ட சாண்ட்விச் எல்லாம் அந்த 17-க்குள்தான் அடங்க வேண்டும். கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் வராவிட்டாலும் கவுன்டரில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டு. சிகரெட்டும் லாட்டரியும் கல்லாவைப் பரபரப்பாகக் காட்டும், ஆனால் அவற்றில் மார்ஜின் குறைவு.

தம்பியின் முதல் கடை லாபத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அவரும் வீட்டம்மாவும் சம்பளம் எடுக்காமல் கடையில் நிற்கிறார்களா என்று கேளுங்கள். ஆமென்றால், அந்த லாபத்தில் ஒரு பங்கு அவர்களுடைய கூலி. இரண்டாவது கடையில் அந்த இடத்துக்கு ஆள் போட்டாக வேண்டும். 60 லட்சத்துக்கு மாதம் ஒன்றரை லட்சம் என்றால் வருடத்துக்கு 30 சதவீதம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரம்பு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். அதில் சிக்கல் இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். 60 லட்சத்துக்கு அது 10 லட்சம். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். பட்டியலிடாத வெளிநாட்டுக் கம்பெனியில் பாதிப் பங்கு என்பதால் வங்கி வழியாகப் பதிவு, ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் அறிக்கை, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து விவரம் எல்லாம் உண்டு. அந்த விவரத்தைக் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். "கடனாகக் கொடுத்தேன்" என்றும் தப்ப முடியாது. கடன் கொடுக்க அனுமதி உள்ள உறவுப் பட்டியலில் கூடப் பிறந்தவர்கள் உண்டு, சித்தப்பா மகன் இல்லை.

அமெரிக்காவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சிறு கடைக்காரர்கள் பலர் எஸ் கார்ப்பரேஷன் என்ற வரிச் சலுகை அமைப்பை வைத்திருப்பார்கள். அங்கே வசிக்காத வெளிநாட்டவர் ஒருவர் பங்குதாரரானால் அந்தத் தகுதியே போய்விடும். எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) என்றால், உங்கள் லாபப் பங்கில் 37 சதவீதம் வரை முன்கூட்டியே பிடித்தம் ஆகலாம். தம்பியின் ஆடிட்டரிடம் எந்த அமைப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், பிரான்சைஸ் வெளிப்படுத்தல் ஆவணம் என்று ஒன்று உண்டு. கையெழுத்துக்கு 14 நாள் முன்பாவது கம்பெனி அதைத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். மொத்தம் 23 பகுதிகள். தம்பியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். 7-ல் ஆரம்பச் செலவு, 17-ல் ஒப்பந்தப் புதுப்பிப்பும் ரத்தும், 20-ல் கடையை விட்டுப் போனவர்களின் பட்டியல் இருக்கும். விட்டுப் போனவர்களில் இரண்டு மூன்று பேரிடம் தம்பி பேசட்டும், நீங்களும் அழைப்பில் இருங்கள். ஆவணத்தைக் காட்டவே தயங்கினால் பணம் போட வேண்டாம்.

உங்கள் நம்பிக்கை தம்பி மேல் அல்ல, செவன் இலெவன் பெயர் மேல்தான் என்றால், அதன் தாய்க் கம்பெனி செவன் அண்ட் ஐ டோக்கியோ சந்தையில் பட்டியலானது. நாலைந்து லட்சத்துக்குப் பங்கு வாங்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். மாதம் ஒன்றரை லட்சம் மட்டும் அது தராது.