மலைச்சரிவில் கட்டுமானம்: வாசகர் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் 10 அடித் தடுப்புச் சுவர் தொப்பை போட்டிருக்கிறது. வெளியே முட்டுச் சுவர் வைத்தால் நிற்குமா?
– குன்னூர் வாசகி

முதலில் சுவரில் வீப் ஹோல் (பின்னால் சேரும் தண்ணீரை வெளியேற்றும் துளை) இருக்கிறதா, இருந்தால் மழைநாளில் அதில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கணக்கு இதுதான்: 3 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் காய்ந்த மண் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். பின்பக்கம் முழுக்கத் தண்ணீர் தேங்கினால் அதுவே 6 டன்னை நெருங்கிவிடும். பாதிச் சுவர்கள் சாய்வதற்குக் காரணம் மண்ணைவிடத் தண்ணீர்தான் என்பேன். துளைகளைத் திறந்து, பின்னால் ஜல்லி வடிகால் அமைத்து, மேல்தட்டு மழைநீரைக் கால்வாயில் திருப்பாமல் முட்டுச் சுவர் வைப்பது வீண்செலவு. தொப்பை கூடிக்கொண்டே போனால் சுவரையொட்டிய அறையில் யாரும் தூங்க வேண்டாம். உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஜனவரியில் ரூஃப் கான்கிரீட். ஏழாம் நாள் சென்ட்ரிங் (ஸ்லாபைத் தாங்கும் பலகையும் முட்டுகளும்) பிரிக்கலாம் என்கிறார் மேஸ்திரி.
– ஊட்டி வாசகர்

4.5 மீட்டர் வரையான ஸ்லாபுக்கு முட்டு 7 நாள் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வதுதான். மேஸ்திரி விட்டுவிட்டது அதன் நிபந்தனையை: வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, சிமெண்ட் சாதாரண போர்ட்லேண்டாக இருக்க வேண்டும். ஊட்டியில் அப்போது உறைபனி விழும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்), அது இறுகவே கொஞ்சம் நேரமெடுக்கும். காலையிலேயே போட்டு முடித்து, இரவில் வைக்கோலும் தார்ப்பாயும் போட்டு மூடுங்கள். பனி விழும் இரவுகளில் மேலே தண்ணீர் கட்டி வைக்காதீர்கள். ஸ்லாபுக்குப் பக்கத்திலேயே, அதே குளிரில் சில க்யூப்களை (அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டிகளை) வைத்து, உடைத்து வலிமையைப் பார்த்த பிறகு முட்டுகளை எடுங்கள். லேப் தொட்டியில் ஊறிய க்யூப் உங்கள் ரூஃபைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பை ஏன் சரிவில் கட்டினார்கள்? சமதளம் கிடைக்கவில்லையா?
– கல்லூரி மாணவி, கேத்தி

சரிவைத் தேடித்தான் வந்தார்கள். அந்தக் குன்று வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் 530 மீட்டர் நீளக் கருவியைச் சரிவோடு படுக்க வைத்தாலே அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-ல் கட்டி முடித்தார்கள். பிரதிபலிக்கும் பரப்பில் தகடே கிடையாது, மெல்லிய எஃகுக் கம்பிகள்தான்! அது வாங்கும் ரேடியோ அலையின் நீளம் 92 செ.மீ. என்பதால் கம்பிகளின் இடைவெளி பொருட்டல்ல. காற்றும் ஊடே புகுந்து போய்விடும். நிலத்தைப் பார்த்துவிட்டு வரைபடம் போட்டால் இப்படித்தான் அமையும். முதலில் பொக்லைனைக் கூப்பிடுகிறவர்களுக்காகவும் சொல்கிறேன்.

வேலை அட்டவணையில் எதை முதலில் வைப்பது?
– ஒப்பந்ததாரர், கோத்தகிரி

அனுமதிகளை. அப்புறம் வடிகாலும் தடுப்புச் சுவரும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும், எனவே செப்டம்பருக்குள் அவை முடிய வேண்டும். டைல்ஸ், பெயிண்டிங் எல்லாம் ஒரு மாதம் தள்ளினாலும் ஒன்றும் ஆகாது.

குளிரில் சோலார் பேனல் ஒழுங்காக வேலை செய்யுமா?
– கொடைக்கானல் வாசகர்

நன்றாகவே செய்யும். பேனல் சூடு ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும், குளிர் லாபம்தான். மஞ்சு மூடும் நாட்களுக்குத்தான் பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள்.