பல்லுயிர்க் கணக்கெடுப்பு: வாசகர் கேள்விகள் நான்கு

ஓர் இடத்தில் எத்தனை இனங்கள் என்று எண்ணிவிட்டால் போதாதா?

போதாது. இரண்டு புல்வெளிகளிலும் 100 செடிகள், 10 இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் இனத்துக்குப் பத்துப் பத்துச் செடிகள். மற்றதில் ஒரே இனம் 91 செடிகள், மீதி ஒன்பது இனங்களுக்கும் ஒவ்வொன்றுதான். ஒரு நாள் மேய்ச்சலிலேயே அந்த ஒன்பதும் காணாமல் போகலாம். இனங்களின் எண்ணிக்கையோடு அவை எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதையும் சேர்த்து அளப்பது ஷானன் குறியீடு. அதைக் கணக்கிட்டு, எல்லா இனமும் சம அளவில் இருந்தால் எத்தனை இனங்களுக்கு ஈடு என்ற எண்ணாக மாற்றினால் முதல் வெளிக்கு 10 வரும். இரண்டாவதற்கு ஏறத்தாழ 1.65.

நாங்கள் ஒரு காட்டில் 30 வண்ணத்துப்பூச்சி இனங்களைக் கண்டோம். நண்பர்கள் வேறொரு காட்டில் 45 கண்டார்கள். அவர்களுடையதுதான் வளமான காடா?

இரு குழுவும் எத்தனை மணி நேரம் நடந்தீர்கள் என்று எழுதவில்லையே! தேடத் தேடக் கூடும் எண் இது. நேரத்தைக் குறிக்காத பட்டியலை நான் ஒப்பிடவே மாட்டேன். உங்கள் 30-இல் ஒரே ஒரு பூச்சி மட்டும் கண்ட இனங்கள் 8, இரண்டு மட்டும் கண்டவை 4 என்றால், புள்ளியியலாளர் ஆன் சாவோ 1984-இல் தந்த கணக்கைப் போடலாம்: 8-இன் வர்க்கம் 64, அதை 4-இன் இருமடங்கால் வகுத்தால் 8. குறைந்தது எட்டு இனங்களாவது உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்பது மதிப்பீடு.

தண்ணீரில் உள்ள டி.என்.ஏ.வை வைத்தே இனங்களைச் சொல்லிவிடுகிறார்களாமே, இனி இனமறியக் கற்க வேண்டுமா?

கட்டாயம். அந்த டி.என்.ஏ.வை ஒப்பிடும் தொகுப்பே, யாரோ கையில் பிடித்துப் பார்த்து இனமறிந்த மாதிரிகளால் ஆனது.

முதலாண்டு மாணவர்களுக்குக் களத்தில் முதல் நாள் என்ன கற்பிக்கலாம்?

ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் வையுங்கள். ஒரு மணி நேரம் அதைவிட்டு நகரக் கூடாது. பெயர்கள் வேண்டாம், செடிகளுக்கு அ, ஆ, இ என்று அவர்களே குறியிடட்டும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் ஒன்று நான்கு பட்டையாக நெருடும், இன்னொன்று வழுவழுவென்று உருளும். ஒன்றைக் கிள்ளினால் பால் வரும், அதே போன்ற இலையுள்ள மற்றொன்றில் வராது. பார்த்ததையெல்லாம் வரையச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

பிறகு, அதே சட்டத்தை வேறொரு மாணவர் முந்தைய பட்டியலைப் பார்க்காமல் எண்ணட்டும். ஒருவர் 11 என்பார், மற்றவர் 14 என்பார். யார் சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இருவரையும் சேர்ந்து மண்டியிட்டு, விடுபட்ட மூன்றையும் தேட விடுங்கள்.