மைனஸும் மைனஸும் எப்போ பிளஸ் ஆகும்?

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா, ஆனா டெஸ்ட்ல பாதி கணக்கு தப்பு. ஏன் பிளஸ் வருதுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. எப்படிங்க புரிய வைக்கறது?

பதில்: தப்பு எங்கன்னு உங்க கேள்வியிலயே இருக்குங்க. "சேர்ந்தா"ங்கற அந்த ஒரு வார்த்தைதான். அவ நோட்டைப் புரட்டிப் பாருங்க, −4 − 6 = +10னு எங்கயாவது போட்டிருப்பா. அங்க பெருக்கலே இல்லையே, 4 படி கீழ இறங்கி இன்னும் 6 படி இறங்கினா −10லதான் நிப்போம், ஆனா ரெண்டு மைனஸ் கண்ணுல பட்டதும் கை தானா பிளஸ் போட்டுடுது. அதனால இனிமே "மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ், வகுத்தாலும் பிளஸ்"னு முழுசா சொல்ல வைங்க, சுருக்க விடாதீங்க. அப்போ −4 − (−6) மட்டும் எப்படி +2ன்னு கேப்பா, நல்ல கேள்வி, அந்த −6ஐ எடுத்துடறதும் 6ஐக் கூட்டறதும் ஒண்ணுதான்.

இப்போ ஏன் பிளஸ்ங்கறதுக்கு வருவோம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அவளையே எழுதச் சொல்லுங்க:

3 × (−4) = −12
2 × (−4) = −8
1 × (−4) = −4
0 × (−4) = 0

விடை ஒவ்வொரு வரியிலயும் 4 ஏறிக்கிட்டே வருதா, அடுத்த வரி (−1) × (−4), அதுக்கு என்ன வரும்னு கேட்டுட்டு நீங்க சும்மா இருங்க, அவளே 4ன்னு சொல்லுவா. கதை மாதிரி வேணும்னா தண்ணித் தொட்டி. நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஒழுகுது, அது −4. மூணு நிமிஷம் முன்னாடி, அது −3. அப்போ தொட்டியில இப்ப இருக்கறதை விட 12 லிட்டர் அதிகமாத்தானே இருந்திருக்கும்?

இதெல்லாம் பத்தாது, நிரூபிச்சுக் காட்டுங்கன்னு சண்டை போடற பிள்ளைங்களும் உண்டு (எனக்கு அவங்களைத்தான் பிடிக்கும்). 4 + (−4) பூஜ்யம், அதை −3ஆல பெருக்கினாலும் பூஜ்யம்தான். பிரிச்சுப் பெருக்கினா முதல் துண்டு (−3) × 4 = −12, அப்போ ரெண்டாவது துண்டு (−3) × (−4) வந்து +12ஆ இல்லன்னா மொத்தம் பூஜ்யம் ஆகாது, வேற வழியே இல்ல. கி.பி. 628லயே நம்ம நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த விதியை எழுதி வச்சிட்டாரு, நெகட்டிவ் எண்ணுக்கு அவர் வச்ச பேரு கடன், பாசிட்டிவ்க்கு சொத்து.

வகுத்தலைத் தனியா உட்கார வச்சு நடத்த வேண்டாம், பெருக்கலைத் திருப்பிப் போட்டா அதுதான். (−48) ÷ (−6) எவ்வளவு? எதை −6ஆல பெருக்கினா −48 வரும்? 8. அதே −48ஐ வெறும் 6ஆல வகுத்தா −8. பூஜ்யத்தால மட்டும் வகுக்கவே முடியாது.

நிறைய எண்ணை வரிசையா பெருக்கறப்போ, எதுவும் பூஜ்யம் இல்லன்னா, மைனஸை எண்ணினாப் போதும். (−2) × (−3) × (−1) × 5ல மூணு மைனஸ், ஒற்றைப்படை, அதனால −30. பெருக்கலும் வகுத்தலும் கலந்து வந்தா இடமிருந்து வலமா போகணும், (−24) ÷ 4 × (−2) போட்டா முதல்ல −6, அப்புறம் 12. பின்னாடி இருக்கற பெருக்கலை முதல்ல போட்டுட்டு 3ன்னு எழுதறவங்க ஏராளம்.

கடைசியா பிராக்கெட். (−3)² வந்து 9, ஆனா −3²ன்னு பிராக்கெட் இல்லாம எழுதினா −9, ஏன்னா ஸ்கொயர் 3ஐ மட்டும்தான் பிடிக்குது, மைனஸ் வெளிய நிக்குது. கால்குலேட்டர்ல பிராக்கெட் போடாம தட்டிட்டு மிஷின் தப்பா காட்டுதுன்னு சொன்னா நம்பிடாதீங்க.